கியாரி குறைபாடுள்ள குழந்தைக்கு எந்த அறுவை சிகிச்சை: இடம் திறந்துவிடுவதா, எலும்பைப் பிணைப்பதா?

குழந்தைக்குக் கியாரி குறைபாடு என்று எம்.ஆர்.ஐ. அறிக்கை வந்துவிட்டால், சிறுமூளையின் டான்சில்கள் (தொண்டை டான்சில்கள் அல்ல, சிறுமூளையின் அடிநுனிகள்) எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்கியிருக்கின்றன என்பதைத்தான் பெற்றோர் முதலில் கேட்கிறார்கள். மண்டையோட்டின் அடியில் உள்ள பெருந்துளையைத் தாண்டி 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் அவை இறங்கியிருந்தால் அது கியாரி முதல் வகை. பிராகு நகரில் பணியாற்றிய ஹான்ஸ் கியாரி என்னும் நோயியலாளர் 1891-இல் பிரித்துக் காட்டிய வகைகளில் அது முதலாவது. ஆனால் அந்த எண் நோய்க்குப் பெயர் வைக்கத்தான் உதவுகிறது; எந்தச் சிகிச்சை என்ற கேள்விக்கு அது தரும் விடை மிகக் குறைவு. 12 மி.மீ. இறங்கிய டான்சில்களோடு ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடியாடுகிற குழந்தையும் உண்டு, 6 மி.மீ. இறக்கத்திலேயே விழுங்க முடியாமல் திணறுகிற குழந்தையும் உண்டு. அறுவை தேவை என்று முடிவான பிறகு, எந்த அறுவை என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை மண்டையோட்டின் அடிப்பகுதியும் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளும்தான். முதுகுத்தண்டுப் பிளவோடு பிறக்கும் குழந்தைகளிடம் காணப்படும் கியாரி இரண்டாம் வகையின் கணக்கு முற்றிலும் வேறு என்பதால் அது இந்த ஒப்பீட்டில் இல்லை.

மூளைப் பகுதி ஒன்று கீழே இறங்குகிற நோயில் எலும்பு ஏன் இவ்வளவு முக்கியமாகிறது? முதல் வகையில் சிறுமூளை அளவுக்கு மீறி வளர்வதில்லை. அது இருக்க வேண்டிய பின்மண்டைக் குழிதான் சிறியதாக அமைந்துவிடுகிறது. கருவில் பிடரி எலும்பை உருவாக்கும் திசுத் தொகுதிகள் போதிய அளவு வளராததே இதற்குக் காரணம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். அதே திசுத் தொகுதிகளிலிருந்துதான் மூளைத்தண்டுக்கு முன்னால் சரிந்து நிற்கும் கிளைவஸ் எலும்பும், மண்டையோடு கழுத்தின்மேல் உட்காரும் பிடரிக் குமிழ்களும், இரண்டாம் கழுத்தெலும்பான ஆக்சிஸின் ஓடொண்டாய்டு முளையின் நுனியும் உருவாகின்றன. ஆகவே பின்னால் இடம் குறைந்த குழந்தையிடம் முன்னாலும் ஏதேனும் ஒரு கோளாறு இருப்பது வியப்பில்லை. கிளைவஸ் குட்டையாகவோ தட்டையாகவோ இருக்கலாம். முதல் கழுத்தெலும்பான அட்லஸ் மண்டையோட்டோடு ஒட்டிப் பிறந்திருக்கலாம். ஓடொண்டாய்டு நேராக நிற்காமல் பின்புறம் சாய்ந்து மூளைத்தண்டை நோக்கி வளைந்திருக்கலாம். பேசிலர் இன்வாஜினேஷன் எனப்படும் நிலையில் அது பெருந்துளைக்குள்ளேயே ஏறிவிட்டிருக்கலாம். 1912-இல் கிளிப்பெல், ஃபெயில் என்ற இருவர் விவரித்த கழுத்தெலும்பு இணைவும் இவற்றோடு சேர்ந்து வருவதுண்டு. அட்லஸ் மேலே மண்டையோட்டோடும், ஆக்சிஸ் கீழே மூன்றாம் எலும்போடும் ஒட்டியிருந்தால், நடுவில் எஞ்சியிருக்கும் ஒரே மூட்டின்மேல் கழுத்தின் அசைவுச் சுமை முழுவதும் விழுகிறது. அப்படிப்பட்ட மூட்டு ஆண்டுகள் செல்லச் செல்லத் தளர்ந்துபோகக்கூடும்.

இத்தகைய கோளாறு இருக்கலாம் என்று சந்தேகிப்பதற்கு நடுக்கோட்டில் எடுத்த ஒரே ஒரு பக்கவாட்டுப் படம் பெரும்பாலும் போதும். கிளைவஸின் பின்பரப்பை ஒட்டி ஒரு கோடு, ஓடொண்டாய்டும் ஆக்சிஸ் எலும்பின் உடல்பகுதியும் சேர்ந்த பின்பரப்பை ஒட்டி இன்னொரு கோடு. இரண்டும் சந்திக்கும் இடத்தில் கிடைப்பது கிளைவஸ்–ஆக்சிஸ் கோணம். பொதுவாக அது சுமார் 145 முதல் 160 பாகை வரை இருக்கும். கோணம் குறுகக் குறுக, மூளைத்தண்டு அந்த முனையின்மேல் மடிந்து கிடக்கிறது என்று பொருள். இரண்டாவது அளவை அலபாமா பல்கலைக்கழகத்தின் கிராப், மேப்ஸ்டோன், ஓக்ஸ் ஆகியோர் 1999-இல் முன்வைத்தார்கள். பெருந்துளையின் முன்விளிம்பிலிருந்து ஆக்சிஸ் உடலின் கீழ்ப்பின் முனைக்கு ஒரு கோடு இழுத்து, ஓடொண்டாய்டை மூடியுள்ள சவ்வு அந்தக் கோட்டைத் தாண்டி எவ்வளவு பின்னே புடைத்திருக்கிறது என்று செங்குத்தாக அளப்பது அது. 9 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் மூளைத்தண்டு முன்புறமிருந்து அழுத்தப்படுகிறது என்று கொள்கிறார்கள். இரண்டையும் அளக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. இருந்தும் டான்சில் அளவை மட்டும் குறித்துவிட்டு முடித்துக்கொள்ளும் அறிக்கைகள் இன்றும் வருகின்றன.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் தேவைப்படுகின்றன. முதலாவது, கோணம் கழுத்தின் நிலையைப் பொறுத்து மாறும். தலையணை வைத்துப் படுக்கவைத்த குழந்தையின் கழுத்து முன்னே மடங்குவதால் கோணம் உண்மையைவிடக் குறுகலாகத் தெரியலாம். ஆகவே ஒரே படத்தில் கிடைத்த 128 பாகையை வைத்துக்கொண்டு எலும்பைப் பிணைக்கும் திருகாணிகளைப் பற்றிப் பேசத் தொடங்குவது அவசரம். இரண்டாவது, சிறு குழந்தையின் எலும்பு இன்னும் முழுமையாக உருவாகியிருக்காது. ஓடொண்டாய்டின் நுனி ஏறத்தாழ மூன்று வயதில்தான் எலும்பாகத் தொடங்கி, 12 வயதளவில் முளையின் மற்ற பகுதியோடு இணைகிறது. அட்லஸுக்கும் ஓடொண்டாய்டுக்கும் இடையே பெரியவர்களிடம் 3 மி.மீ.க்கு மேல் இருந்தால் தவறு என்று கருதப்படும் இடைவெளி, சிறு பிள்ளைகளிடம் 5 மி.மீ. வரை இயல்பே. மென்திசுவுக்கு எம்.ஆர்.ஐ. சிறந்தது என்றாலும், ஒட்டிய எலும்பு எது, குருத்தெலும்பு எது, மூட்டுப் பரப்பு எப்படிச் சாய்ந்திருக்கிறது என்பதை மெல்லிய வெட்டுகளாக எடுத்த சி.டி.தான் சொல்லும். கதிர்வீச்சை எண்ணித் தயங்குவது நியாயமே. ஆனால் முன்புறக் கோளாறு இருக்கலாம் என்ற சந்தேகம் எம்.ஆர்.ஐ.யில் எழுந்த குழந்தைக்கு, மண்டை அடியிலிருந்து மூன்றாம் கழுத்தெலும்பு வரை மட்டும் குறைந்த கதிர்வீச்சில் ஒரு சி.டி.யும், கழுத்தை முன்னே குனிந்தும் பின்னே சாய்த்தும் எடுக்கும் எக்ஸ்-ரேயும் இல்லாமல் அறுவைக்கு நாள் குறிப்பதை நான் ஏற்கமாட்டேன்.

முதல் தேர்வு, ஒன்றும் செய்யாமல் கண்காணிப்பது. இதைப் பற்றி அதிகம் வாதிட வேண்டியதில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வேறு வேறு காரணங்களுக்காக மூளை அல்லது கழுத்து எம்.ஆர்.ஐ. எடுத்த 14,116 பிள்ளைகளின் படங்களை ஆராய்ந்தபோது அவர்களில் 3.6 விழுக்காட்டினரிடம் கியாரி முதல் வகை இருந்ததாக 2011-இல் பதிவானது. இவர்களில் பெரும்பாலோருக்கு அறுவை தேவையில்லை. அறிகுறியும், தண்டுவடத்தினுள் திரவம் தேங்கி உண்டாகும் நீர்க்குழியும் இல்லாத குழந்தைக்கு, பின்னால் ஏதேனும் வந்துவிடுமோ என்ற அச்சத்தால் மட்டும் அறுவை செய்வதற்குப் போதிய சான்று கிடையாது. எலும்புக் கோளாறு உள்ள குழந்தையிடம் கண்காணிப்பின் பொருள் மட்டும் சற்று மாறுகிறது. தலைவலியைக் கேட்பதோடு நிறுத்தாமல், குறட்டை, உறக்கத்தில் மூச்சு நிற்பது, உணவு மூக்கில் ஏறுவது, அடிக்கடி புரையேறுவது, நடை தடுமாறுவது ஆகியவற்றையும் குறிப்பாகக் கேட்க வேண்டும். மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை தலைவலியைச் சொல்லாது. சாப்பாட்டு நேரத்தில்தான் காட்டும்.

அறிகுறி உள்ள குழந்தைக்கு வழக்கமான முதல் அறுவை, பின்புறமிருந்து பெருந்துளையை அகலப்படுத்துவது. பிடரி எலும்பில் சில சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு துண்டும், அட்லஸின் பின்வளைவும் அகற்றப்படுகின்றன. அதோடு நிறுத்துவது ஒரு முறை. அதன் கீழே மூளையைப் போர்த்தியிருக்கும் டியூரா சவ்வையும் திறந்து, ஒட்டுத் துண்டு வைத்து அகலமாகத் தைப்பது இன்னொரு முறை. எலும்பை மட்டும் எடுத்தால் குழந்தை சீக்கிரம் வீடு திரும்பும், மூளைத் திரவக் கசிவும் மூளைச் சவ்வழற்சியும் குறைவு. ஆனால் மீண்டும் அறுவை தேவைப்படும் வாய்ப்பு சற்றுக் கூடுதல். சவ்வைத் திறந்தால் நீர்க்குழி சுருங்கும் வாய்ப்பு கூடுகிறது, சிக்கல்களும் கூடுகின்றன. அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர்களின் பேராயம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இரண்டையுமே ஏற்றுக்கொள்கிறது. நீர்க்குழி இல்லாமல் இருமும்போதும் சிரிக்கும்போதும் பிடரியில் வலி வருகிற குழந்தைக்கு எலும்போடு நிறுத்தலாம் என்பதும், பெரிய நீர்க்குழியோ அதனால் முதுகு வளைவோ உள்ள குழந்தைக்குச் சவ்வைத் திறப்பதே மேல் என்பதும் என் சார்பு.

இந்த இரண்டு முறைகளுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. இரண்டுமே பின்புறத்தை மட்டும் தளர்த்துகின்றன. மூளைத்தண்டு முன்புறமிருந்து ஓடொண்டாய்டால் அழுத்தப்படுகிற குழந்தைக்குப் பின்னால் இடம் கொடுப்பது சில நேரம் போதுமானதாக இருந்துவிடும், சில நேரம் நிலைமையை மோசமாக்கியும்விடும். ஏனெனில் அட்லஸின் பின்வளைவையும், பிடரியைத் தாங்கும் தசைப்பிடிப்புகளையும், தசைநார்களையும் எடுத்துவிட்ட பின்பு தலை மெல்ல முன்னே சரிகிறது; கோணம் மேலும் குறுகுகிறது; ஏற்கெனவே மடிந்திருந்த மூளைத்தண்டு இன்னும் மடிகிறது. சில மாதம் நன்றாக இருந்துவிட்டு, பிறகு விழுங்குவதில் சிரமமும் கைகால் பலவீனமுமாகத் திரும்பி வருகிற குழந்தைகளின் கதை பெரும்பாலும் இதுதான்.

அப்படிப்பட்டவர்களை முன்கூட்டியே அடையாளம் காண முடியுமா என்பதை யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியில் போலோ, பிராக்மேயர் முதலியோர் ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டார்கள். பின்புறத் தளர்வு அறுவை செய்துகொண்ட 101 குழந்தைகளில் 19 பேருக்கு மண்டையோட்டைக் கழுத்தோடு பிணைக்கும் அறுவையும் தேவைப்பட்டது. அந்தத் தேவையை முன்னறிவித்தவை மூன்று: பேசிலர் இன்வாஜினேஷன், 125 பாகைக்குக் குறைந்த கிளைவஸ்–ஆக்சிஸ் கோணம், டான்சில்களோடு மூளைத்தண்டும் சேர்ந்து பெருந்துளைக்குக் கீழே இறங்கிய கியாரி 1.5 என்ற நிலை. இது ஒரே மையத்தின் அனுபவம் என்பதை மறக்கக் கூடாது. அங்கே பிணைப்பைத் தேர்ந்தெடுத்தவர்களும் அந்த மருத்துவர்களே. இருந்தும், இந்த மூன்றில் இரண்டு சேர்ந்திருக்கும் குழந்தைக்கு மூளைத்தண்டு அறிகுறிகளும் இருந்தால், பின்புறத் தளர்வை மட்டும் செய்துவிட்டுப் பார்ப்போம் என்பதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. ஒரே அமர்வில் தளர்த்துவதும் பிணைப்பதும் அங்கே நேர்வழி.

பிணைப்பு எதைக் கொடுக்கிறது, எதை எடுத்துக்கொள்கிறது என்பதைப் பெற்றோரிடம் விரிவாகச் சொல்ல வேண்டும். மயக்கத்தில் இருக்கும் குழந்தையின் தலையை மெல்லப் பின்னே நிமிர்த்திக் கோணத்தைத் திறந்து, அந்த நிலையிலேயே பிடரியில் ஒரு தகடும், அட்லஸ், ஆக்சிஸ் எலும்புகளில் 3.5 மி.மீ. அளவிலான திருகாணிகளும் வைத்துத் தண்டுகளால் இணைக்கிறார்கள். விலாவிலிருந்தோ இடுப்பிலிருந்தோ எடுத்த எலும்பை இடையில் பதிக்கிறார்கள். உலோகம் தாங்குவது தற்காலிகமாகத்தான், நிலையாகப் பிடித்து நிற்க வேண்டியது அந்த எலும்பே. அது பிடிக்கும் வரை சில மாதம் கழுத்துப் பட்டையோ, தலையைச் சுற்றிய வளையமோ அணிய வேண்டிவரும். அட்லஸ் ஒட்டிப் பிறந்த குழந்தைகளிடம் முதுகெலும்புத் தமனி வழக்கமான பாதையில் செல்லாமல் திருகாணி நுழையும் இடத்திலேயே குறுக்கே கிடக்கலாம். அதனால் அறுவைக்கு முன் இரத்தக்குழாய்ப் படமும் எடுப்பது அவசியம்.

இழப்பு அசைவில் இருக்கிறது. திருகையின் முளையைச் சுற்றி மேற்கல் சுழல்வதைப் போல ஓடொண்டாய்டைச் சுற்றி அட்லஸ் சுழல்வதால்தான் நாம் தலையைத் திருப்ப முடிகிறது. கழுத்தின் சுழற்சியில் ஏறத்தாழப் பாதி அந்த ஒரு மூட்டில் நடக்கிறது. ஆமோதிப்பாகத் தலையசைக்கும் அசைவில் பெரும்பங்கு அதற்கு மேலுள்ள மூட்டில். இரண்டையும் பூட்டிவிட்டால் குழந்தை பக்கவாட்டில் பார்க்கத் தோளோடு சேர்ந்து திரும்பும். படியிறங்கும்போது காலடியைப் பார்க்க இடுப்பிலிருந்து குனியும். மிதிவண்டியில் போகும்போது பின்னால் வரும் வண்டியைப் பார்க்கத் தடுமாறும். பெரும்பாலான பிள்ளைகள் வியக்கத்தக்க வகையில் பழகிக்கொள்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் இந்த இழப்பு ஆயுள் முழுவதற்கும் உரியது. அதற்குக் கீழுள்ள மூட்டுகள் கூடுதல் சுமையைப் பல பத்தாண்டுகள் தாங்க வேண்டும். சவ்வுக் கசிவைத் திருத்தலாம், பிணைந்த மூட்டைத் திரும்பப் பிரித்துக்கொடுக்க முடியாது.

அதனால்தான் நடுவில் நிற்கும் குழந்தைகள் விஷயத்தில் நான் மெதுவாகச் செல்வதை விரும்புகிறேன். கோணம் 125-க்கும் 140-க்கும் இடையில், ஓடொண்டாய்டு பின்சாய்ந்திருக்கிறது, ஆனால் அசைவுப் படங்களில் மூட்டு வழுக்கவில்லை, அறிகுறி பெரும்பாலும் தலைவலியும் நீர்க்குழியும்தான் என்றால், முதலில் தளர்வு அறுவையை மட்டும் செய்துவிட்டுக் கவனமாகப் பின்தொடர்வது போதும். அவர்களில் பலர் பிணைப்பு இல்லாமலேயே நலம்பெறுகிறார்கள். தேவைப்படுகிற சிலருக்கு அதை இரண்டாவது கட்டமாகச் செய்யலாம். இரண்டு அறுவையா என்று பெற்றோர் கலங்குவது இயல்பே. ஆனால் நான்கு வயதில் தேவையின்றிப் பூட்டிய கழுத்தோடு ஒப்பிட்டால், ஒருவேளை வரக்கூடிய இரண்டாம் அறுவை சிறிய விலை. டவுன் நோய்த்தொகுதி, எலர்ஸ்–டான்லோஸ் போன்ற தசைநார்த் தளர்ச்சி உள்ள குழந்தைகள் இதற்கு விலக்கு. அவர்களிடம் எல்லைக்கோட்டு எண்ணையும் கடுமையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தியாவில் இந்த விவாதத்துக்கு இன்னொரு முனை உண்டு. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் பணியாற்றிய நரம்பியல் அறுவை மருத்துவர் அதுல் கோயல், கியாரி குறைபாட்டின் மூலக் காரணமே அட்லஸ்–ஆக்சிஸ் மூட்டின் தளர்ச்சிதான் என்றும், டான்சில் இறங்குவது அந்தத் தளர்ச்சிக்கு எதிராக உடல் செய்துகொள்ளும் தற்காப்பு என்றும், எனவே பெருந்துளையைத் தொடாமல் அந்த மூட்டை மட்டும் பூட்டினால் போதும் என்றும் வாதிட்டு, 65 நோயாளிகளின் முடிவுகளை 2015-இல் வெளியிட்டார். அந்த மூட்டில் திருகாணி வைக்கும் நுட்பத்துக்கே அவர் பெயர் வழங்குவதால் இதை எளிதில் ஒதுக்க முடியாது. படங்களில் தளர்ச்சி தெளிவாகத் தெரிகிறபோது அவர் சொல்வது சரி என்பதில் யாருக்கும் ஐயமில்லை. சிக்கல், படத்தில் ஒன்றுமே தெரியாத குழந்தையிடமும் அறுவை மேசையில் மூட்டை அசைத்துப் பார்த்தால் தளர்ச்சி தெரியும் என்று அவர் கூறுவதில் தொடங்குகிறது. அறுவைக்கு முன்பு சோதித்துப் பார்க்க முடியாத ஒரு காரணத்துக்காக எல்லாக் குழந்தைகளின் சுழற்சி மூட்டையும் பூட்டுவதை ஏற்பது கடினம். மூட்டைத் தொடாமல் பின்புறத்தைத் தளர்த்திய குழந்தைகளில் பெரும்பாலோர் நலமடைந்திருப்பதும் அந்தக் கோட்பாட்டுக்கு எதிராகவே நிற்கிறது. ஒன்றை மட்டும் அவர் பக்கத்தில் சேர்த்துச் சொல்லலாம்: இந்திய மருத்துவமனைகளுக்கு வருகிற கியாரி நோயாளிகளிடம் அட்லஸ் ஒட்டுதலும் பேசிலர் இன்வாஜினேஷனும் மேலைநாட்டுத் தொகுப்புகளைவிடக் கூடுதலாகக் காணப்படுகின்றன, வடகிழக்குப் பிரேசிலிலும் அப்படியே. யூட்டாவின் எண்களை அப்படியே இங்கே கொண்டுவந்து வைப்பதும் பிழையாகலாம்.

ஓடொண்டாய்டை வாய் அல்லது மூக்கு வழியாகச் சென்று அகற்றும் அறுவை ஒரு காலத்தில் இத்தகைய குழந்தைகளுக்கு அடிக்கடி செய்யப்பட்டது. அயோவா பல்கலைக்கழகத்தின் ஆர்னல்ட் மெனெஸிஸ் வகுத்த நெறி இன்றும் பொருந்துகிறது: இழுவை கொடுத்தோ தலையை நிமிர்த்தியோ எலும்பைச் சரியான இடத்துக்குக் கொண்டுவர முடிந்தால் அங்கேயே பிணைத்துவிடலாம், முடியாவிட்டால் எந்தத் திசையிலிருந்து அழுத்தம் வருகிறதோ அந்தத் திசையிலிருந்து நீக்க வேண்டும். பின்புறத் திருகாணிகளைக் கொண்டே மூட்டை விரித்து நேராக்கும் நுட்பங்கள் வளர்ந்துவிட்டதால், முன்வழி அறுவை இன்று சிலருக்கே தேவைப்படுகிறது.

மேற்சொன்ன எதற்கும் முன்பாக வேறு சிகிச்சை தேவைப்படும் குழந்தைகளும் உண்டு. மூளையில் நீர் கோத்திருந்தால் அதை வடிப்பதே முதல் வேலை. அது முடிந்ததும் டான்சில்கள் தாமே மேலேறிவிடலாம். மண்டையோட்டுத் தையல்கள் முன்கூட்டியே மூடிக்கொள்ளும் குரூசோன் நோய்த்தொகுதியில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினரிடம் டான்சில் இறக்கம் காணப்பட்டதாகப் பதிவு உண்டு. அவர்களுக்குப் பின்மண்டையை விரிவாக்குவதே பொருத்தமாக இருக்கக்கூடும். பாஸ்பேட் குறைவால் வரும் பரம்பரை ரிக்கெட்ஸ் நோயில் மண்டை எலும்பு தடித்து இடத்தைக் குறைக்கிறது. அங்கே அறுவை மருத்துவரோடு நாளமில்லாச் சுரப்பி மருத்துவரும் உட்கார வேண்டும்.

தளர்வு அறுவையை மட்டும் தேர்ந்தெடுத்த பிறகு அடுத்த முடிவை எப்போது எடுப்பது என்பதும் பலருக்குக் குழப்பமாக இருக்கிறது. நீர்க்குழி சுருங்க 6 முதல் 12 மாதம் வரை காத்திருக்கலாம் என்கிறது அந்த 2023 வழிகாட்டுதல். அதற்குள் அவசரப்பட்டு மறு அறுவை செய்ய வேண்டியதில்லை. ஆனால் இந்தப் பொறுமை நீர்க்குழிக்கு மட்டுமே உரியது. எல்லைக்கோட்டுக் கோணம் உள்ள குழந்தைக்கு விழுங்கலோ உறக்க மூச்சோ கைகால் வலிமையோ குன்றத் தொடங்கினால் உடனே அசைவுப் படங்களை மீண்டும் எடுத்து, முன் படத்தோடு கோணத்தை ஒப்பிட வேண்டும். அப்படி ஒரு நாள் வரக்கூடும் என்பதை முதல் அறுவையிலேயே நினைவில் கொள்வது மருத்துவரின் பொறுப்பு: பிடரி எலும்பைத் தேவைக்கு மேல் அகலமாக எடுத்துவிட்டால் சிறுமூளை அந்த இடைவெளியில் சரிவதோடு, பின்னர் தகட்டைப் பிடித்து நிறுத்தத் தடித்த எலும்பும் மிஞ்சாது, ஆக்சிஸோடு ஒட்டிய தசைகளை அவிழ்க்காமல் விட்டால் பிணைப்பே தேவைப்படாமல் போகவும் வாய்ப்புண்டு. அறுவைக்கு முன் மருத்துவரைச் சந்திக்கும்போது, எவ்வளவு அகலம் எடுப்பீர்கள், ஆக்சிஸின் தசைகளைத் தொடுவீர்களா, பின்னால் பிணைக்க நேர்ந்தால் எலும்பு எங்கே எஞ்சியிருக்கும் என்ற மூன்றையும் பெற்றோர் தயங்காமல் கேட்கலாம்.